நிலாவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விசை, எடை, ஈர்ப்பு, கோள்கள் என்று ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். உடுமலைப்பேட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 33 வருடம் அறிவியல் எடுத்தவள் நான். பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். படித்து முடித்து வேலைக்குப் போன பெரியவர்களும் அதே இடத்தில் நிற்கிறார்கள் என்று இந்தக் கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 2025-இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் மிதந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு இதே பேச்சு. ஒரு தேர்வில் "விண்வெளி வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார்கள். "அவர்கள் விழுந்துகொண்டே இருப்பதால்" என்று எழுதினாள். "அங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்பதுதான் விடை என்று மதிப்பெண் போடவில்லை. யார் சொல்வது சரி?
— ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் எழுதியதுதான் சரி. மதிப்பெண் போனால் போகட்டும். ஆனால் "நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ" என்று அந்தப் பெண் மனத்தில் ஒரு சந்தேகம் விழுந்திருக்கும். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இந்தப் பதிலை அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. வரைபடத்தில் சென்னையையும் மதுரையையும் நேர்கோடு போட்டு அளந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். பூமியின் மையத்திலிருந்து தரையில் நிற்கிற நாமே 6,371 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். அதோடு ஒரு 400 கூடினால் ஈர்ப்பு காணாமல் போய்விடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால், தரையில் இருக்கிற ஈர்ப்பில் நூற்றுக்கு 88 பங்கு அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் எடை மெஷினை வைத்து உங்கள் மகளை ஏறி நிற்கச் சொன்னால், இங்கே 50 கிலோ காட்டுவது அங்கே 44 கிலோ காட்டும். மிதக்க மாட்டாள்.

சரி, சுக்லா ஏன் மிதந்தார்? அவரும், அவர் கையிலிருந்த பொருளும், நிலையத்தின் சுவரும், அதன் அடித்தளமும் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தன. காலுக்குக் கீழே இருக்கிற தளமும் கூடவே விழுந்தால் அது எப்படிக் காலைத் தாங்கும்? நமக்கு எடை என்று உடம்பில் தெரிவது பூமி இழுப்பதால் மட்டும் வருவதில்லை. பூமி இழுக்க, தரை விடாமல் தாங்குகிறதே, அந்தத் தாங்கலைத்தான் உள்ளங்காலும் முட்டியும் உணர்கின்றன. தாங்கல் போய்விட்டால் எடை தெரியாது. இழுப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இதை வகுப்பில் வருடா வருடம் செய்து காட்டுவேன். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, சூடு காட்டிய ஊசியால் ஓர் ஓட்டை போடுவேன். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் மாடிக்குப் போவேன். பிள்ளைகள் கீழே, கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். விரலை எடுத்ததும் தண்ணீர் வில்லாக வளைந்து பீச்சும். பீச்சிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலைக் கையிலிருந்து விட்டுவிடுவேன். "ஓட்டையை மட்டும் பாருங்கள்" என்று முன்பே சொல்லி வைத்திருப்பேன். கை விட்டதுமே தண்ணீர் நின்றுவிடும். தரையில் மோதும் வரைக்கும் ஓட்டை வழியாகப் பீச்சாது. ஓட்டை திறந்துதான் இருக்கிறது, உள்ளே தண்ணீர் இருக்கிறது, பூமியும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுவதால் தண்ணீர் பாட்டிலை அழுத்தவில்லை. அந்த ஒரு விநாடிக்கு உள்ளே இருக்கிற தண்ணீர் விண்வெளி வீரர் மாதிரிதான். இப்போது எல்லார் வீட்டிலும் செல்போன் இருக்கிறது. ஸ்லோமோஷனில் படம் பிடித்துப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். உங்கள் மகள் அந்தப் படத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் பணிவாகக் காட்டட்டும். நல்ல ஆசிரியராக இருந்தால் மகிழ்ந்து போவார்.

கேள்வி: பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது என்றால் நிலா ஏன் நம் தலையில் விழவில்லை? மையவிலக்கு விசை ஈர்ப்பைச் சமன்செய்துவிடுகிறது என்று படித்திருக்கிறேன்.
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: அந்தச் "சமன்செய்துவிடுகிறது" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு பொருளின் மேல் இருக்கிற விசைகள் எல்லாம் சமனாகிவிட்டால் அது நேர்கோட்டில் அல்லவா போக வேண்டும்? நிலா நேர்கோட்டில் போகவில்லை, வளைந்து போகிறது. ஆகவே, வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு, அதன் மேல் சமனாகாத இழுப்பு ஒன்று இருந்தே தீர வேண்டும். அது பூமியின் ஈர்ப்பு. நிலா விழத்தான் செய்கிறது. பக்கவாட்டில் அதற்கு ஒரு வேகம் இருப்பதால், விழுந்தும் தரைக்கு வந்து சேரவில்லை.

நியூட்டன் இதற்கு ஒரு மலையுச்சியைக் கற்பனை செய்யச் சொன்னார். உச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைப் படுக்கைவாட்டில் சுடுகிறோம். மெதுவாகச் சுட்டால் அடிவாரத்தில் விழும். இன்னும் வேகமாகச் சுட்டால் இன்னும் தள்ளி விழும். விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு விநாடியில் குண்டு 5 மீட்டர் கீழே இறங்கும். ஆனால் பூமி உருண்டை. 8 கிலோமீட்டர் போனால் தரையும் வளைந்து அதே 5 மீட்டர் கீழே போயிருக்கும். குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரை விலகிக்கொண்டே இருக்கும். காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், சுற்றி வந்து சுட்டவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்துவிடும். விண்வெளி நிலையமும் அப்படித்தான் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருகிறது.

நிலாவுக்கு வருவோம். அது பூமியின் மையத்திலிருந்து 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் ஆரத்தைப் போல இது 60 மடங்கு. தொலைவு 60 மடங்கானால் ஈர்ப்பு 60-ஐ 60-ஆல் பெருக்கிய 3,600-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இங்கே கையிலிருந்து விட்ட கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். இனி நிலாவின் பாதையை எடுத்துக்கொண்டு, அது நேர்கோட்டை விட்டு ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு உள்பக்கம் வளைகிறது என்று தனியாகக் கணக்குப் போடுங்கள். அதுவும் 1.36 மில்லிமீட்டர்தான் வரும். கால்குலேட்டர் இல்லாமல் நோட்டில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஆகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு கரும்பலகையில் இதைப் போடும்போது, கடைசி வரியில் இரண்டு எண்ணும் பொருந்துகிற இடத்தில், 33 வருடத்திலும் ஒரு தடவைகூட எனக்கு மயிர்க்கூச்செறியாமல் இருந்ததில்லை. தோட்டத்தில் விழுகிற தேங்காய்க்கும் நிலாவுக்கும் ஒரே சட்டம் என்பதை அந்த ஒரு வகுத்தல் கணக்கு காட்டிவிடுகிறது.

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணத்தில் படித்தனான், இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். மகனுக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தை இறக்கிப் படிப்பிக்கிறேன். அதில் நிறையைக் கிலோகிராமில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் நிறையை நியூட்டனில் அல்லவா எழுதினோம்? அச்சுப் பிழையா?
— ஒரு தாய், டொராண்டோ

பதில்: அச்சுப் பிழை இல்லை அம்மா. நீங்கள் படித்ததும் சரி, இந்தப் புத்தகமும் சரி. ஒரே சொல்லை இரண்டு கரையிலும் இரண்டு பொருளில் வைத்துக்கொண்டோம். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்ற அளவை நீங்கள் திணிவு என்கிறீர்கள், நாங்கள் நிறை என்கிறோம். அதன் அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை நீங்கள் நிறை என்கிறீர்கள், நாங்கள் எடை என்கிறோம். அதன் அலகு நியூட்டன். உங்கள் ஆர்முடுகல் எங்களுக்கு முடுக்கம். இரண்டு பக்கத்துப் புத்தகத்தையும் வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சொல்லைப் பார்க்காதே, அலகைப் பார்.

மகனுக்கு வித்தியாசத்தை விளக்க இரண்டு தராசுகளைச் சொல்லுங்கள். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பருப்பு என்று வைத்து நிறுக்கிற தராசு இரண்டையும் ஒப்பிடுகிறது. அதை நிலாவுக்கே கொண்டுபோனாலும் ஒரு கிலோ பருப்பு ஒரு கிலோ கல்லுக்குச் சமமாகவே நிற்கும், ஏனென்றால் இரண்டின் இழுப்பும் ஒன்றுபோலவே ஆறில் ஒரு பங்காகிவிடும். சுருள்வில் தராசு அப்படியில்லை. அது இழுப்பை அளக்கிறது, நிலாவில் ஆறில் ஒரு பங்குதான் காட்டும். நிலா வரை போகவும் வேண்டாம். பூமியிலேயே ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. நிலநடுக்கோட்டில் சுருள்வில் தராசில் 100 கிலோ காட்டுகிற அரிசி மூட்டையைத் துருவத்துக்குக் கொண்டுபோய் அதே தராசில் மாட்டினால் அரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். ஒரு அரிசிகூடக் கூடியிருக்காது.

உங்கள் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்றும் இதோடு சேர்ந்தது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு சற்றுத் தளர்ந்திருக்கிற பெரும் பரப்பு ஒன்று உண்டு. பூமியை வழுவழுப்பான உருண்டையாகக் கணக்கிட்டால் கடல்மட்டம் எங்கே இருக்க வேண்டுமோ, அதைவிட அங்கே 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செயற்கைக்கோள் அளந்துதான் சொல்கிறது.

கேள்வி: பஸ்ஸில் பிரேக் போட்டதும் நம்மை முன்னால் தள்ளுகிற விசை எது?
— வாசகர், விருதுநகர்

பதில்: எதுவும் தள்ளவில்லை. நீங்கள் ஏற்கெனவே பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்தீர்கள். பிரேக் பிடித்ததும் பஸ் நிற்கிறது, தளத்தோடு உராய்கிற பாதமும் நிற்கிறது, மேல் உடம்பு மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. அதுதான் நிலைமம். கம்பியைப் பிடித்தால் கம்பி உங்களைப் பின்னால் இழுத்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் உண்மையில் இருக்கிற விசை அந்தப் பின்னிழுப்புதான்.

கேள்வி: ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது என்று படித்தேன். அப்புறம் ஏன் மார்கழியில் குளிருகிறது?
— இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: படித்தது உண்மைதான். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. 50 லட்சம் கிலோமீட்டர் கேட்கப் பெரிதாக இருந்தாலும், மொத்தத் தொலைவில் நூற்றுக்கு மூன்று பங்குதான். பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. மார்கழியில் நம் வட பாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. உச்சி வேளையில்கூட வெயில் சாய்வாக விழுகிறது, பகலும் குறுகுகிறது. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடைக்காலம்.

ஆனால் சூரியனுக்கு அருகில் வருவதால் ஒரு விளைவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரைப் பாருங்கள். ஆனி மாதத்துக்குப் பெரும்பாலும் 32 நாள். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். ஏன் இந்தப் பாரபட்சம்? நம் தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கிற காலம். ராசிகள் பன்னிரண்டும் சம அளவு, ஒவ்வொன்றும் 30 டிகிரி. சூரியன் நகர்வதாக நமக்குத் தெரிவது பூமி ஓடுவதால்தான். சூரியனுக்கு அருகில் இருக்கும்போது இழுப்பு அதிகம், பூமி விநாடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தள்ளி இருக்கும்போது 29.3 கிலோமீட்டர். ஆகவே மார்கழியின் 30 டிகிரி சீக்கிரம் முடிந்துவிடுகிறது, ஆனியின் 30 டிகிரிக்கு நாள் பிடிக்கிறது. கோள்கள் சூரியனுக்கு அருகில் வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் போகின்றன என்பதைக் கெப்ளர் 1609-இல் விதியாக எழுதி வெளியிட்டார். அந்த விதி நம் வீட்டுச் சுவரில் தினம் ஒரு தாளாகக் கிழிபட்டுக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் கெப்ளர் விதி வரும்போது பிள்ளைகளிடம் காலண்டரைக் கொடுத்து மாதங்களை எண்ணச் சொல்லுங்கள் என்று தெரிந்த ஆசிரியர்களிடமெல்லாம் நான் சொல்லி வருகிறேன்.

கேள்வி: கோள்கள் ஒரே வரிசையில் வரும் நாளில் நம் எடை குறையும், பூகம்பம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
— வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. கோள்களிலேயே பெரியது வியாழன். அது நமக்கு மிக அருகில் வரும்போதும் ஏறத்தாழ 60 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரை அது இழுக்கிற இழுப்பு இரண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும், ஓர் அரிசியில் பத்தில் ஒரு பங்கு. அந்த இழுப்பும் உங்களையும் பூமியையும் சேர்த்தே இழுப்பதால், உங்கள் எடையில் அது தெரியவே தெரியாது. நிலா அதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலுவாக இழுக்கிறது, தினமும் இழுக்கிறது. பயப்படாமல் மாடிக்குப் போய்க் கோள்களைப் பாருங்கள், நல்ல காட்சி அது.

கேள்வி: அமெரிக்கர்கள் 1969-இல் நான்கே நாளில் நிலாவில் இறங்கினார்கள். சந்திரயான்-3 ஏன் 40 நாள் எடுத்துக்கொண்டது?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: ராக்கெட்டின் அளவுதான் காரணம். அப்பல்லோவைத் தூக்கிய சாட்டர்ன்-5 கிளம்பும்போது 2,900 டன் அளவுக்கு எடை கொண்டது. நம் எல்விஎம்-3 சுமார் 640 டன். பெரிய ராக்கெட் ஒரே மூச்சில் நிலாவை நோக்கி எறிந்துவிடும். நாம் 2023 ஜூலை 14 அன்று சந்திரயானை முதலில் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டோம். அது ஒவ்வொரு தடவையும் பூமிக்கு அருகில் வந்து வேகமெடுக்கிற இடத்தில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் இயக்கினோம். வேகமாகப் போகும்போது கொடுக்கிற தள்ளுக்குப் பலன் அதிகம். பாதை ஒவ்வொரு தள்ளுக்கும் நீண்டது. ஆகஸ்ட் 1 அன்று நிலாவை நோக்கித் திரும்பியது, 5 அன்று நிலாவின் பிடிக்குள் போனது, அங்கே பாதையைப் படிப்படியாகச் சுருக்கி 23 அன்று தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பூமியின் ஈர்ப்பையே துணைக்கு வைத்துக்கொண்டு சிறிய ராக்கெட்டால் சாதித்தது என்பதால், அந்த 40 நாளும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

கேள்வி: டீச்சர், நான் ஏழாவது படிக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பெரிய கல்லைப் போட்டால் சீக்கிரம் விழும், சின்னக் கல் மெதுவாக விழும் என்று அப்பா சொல்கிறார். நிஜமா?
— மாணவன், பல்லடம்

பதில்: இரண்டும் ஒன்றாகவே விழும் கண்ணு. பெரிய கல்லைப் பூமி அதிகமாக இழுக்கிறது என்று அப்பா நினைப்பது சரிதான். ஆனால் பெரிய கல்லை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கஷ்டம். பத்து மடங்கு இழுப்பு, பத்து மடங்கு கஷ்டம், இரண்டும் கழிந்துவிடும். இறகும் தாளும் மெதுவாக விழுவது காற்று தடுப்பதால்தான். ஒரு நோட்டின் மேல், அதைவிடச் சின்னதாக ஒரு தாளை ஒட்ட வைத்து இரண்டையும் சேர்த்துக் கீழே போடு. காற்றை நோட்டு தள்ளிக்கொண்டு போவதால் தாளும் நோட்டை விட்டுப் பிரியாமல் விழும். நிலாவில் காற்றே இல்லை. அங்கே 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ-15 வீரர் டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்த வீடியோவை அப்பாவோடு உட்கார்ந்து பார்.

அப்புறம் ஒரு வேலை சொல்கிறேன். அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு, கிணற்று மேட்டில் பத்திரமாக நின்று, சின்னக் கல் ஒன்றைக் கையிலிருந்து விடு, எறியாதே. விட்டதிலிருந்து "தொபுக்" என்று சத்தம் வரும் வரை செல்போனில் விநாடியை அள. அந்த விநாடியை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 16-ஆல் பெருக்கு. தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று வந்துவிடும். இரண்டு விநாடி என்றால் 64 அடி, இரண்டரை விநாடி என்றால் 100 அடி. மூன்று தடவை போட்டுச் சராசரி எடு. பிறகு கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, அப்பாவை அளக்கச் சொல். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு.